எங்கள் கண்மாயில் எத்தனை மீன்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துக்கொண்டால் நானும் பார்த்துக்கொள்வேன் சார். அதோ, கருவேல மரங்களுக்குப் பின்னால் பளபளவென்று தெரிகிறதே, அதுதான் எங்கள் கண்மாய். நான்தான் அதற்குக் காவல். பெயர் சோலைமலை. மடை திறப்பது, மடை அடைப்பது, மாடு இறங்காமல் பார்ப்பது, எவனும் திருட்டு வலை போடாமல் பார்ப்பது, எல்லாம் நான்தான். பதினெட்டு வருஷமாக.

அதில் எத்தனை மீன் இருந்தது என்று கேளுங்கள். கேட்க மாட்டீர்களா? பரவாயில்லை, நானே சொல்கிறேன். போன சித்திரையில் நாலாயிரத்து அறுநூறு. சிரிக்காதீர்கள் சார், எண்ணினோம். தண்ணீரை வடிக்காமல் எண்ணினோம். எண்ணியது நான். கூட ஒரு படித்த அம்மாவும் இருந்தார். அவர் முதல் தடவை தப்பாக எண்ணிவிட்டார். படித்தவர்கள் என்றால் தப்பே வராதா என்ன?

எங்கள் பக்கத்தில் மீன்பிடித் திருவிழா உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். கோடையில் கண்மாய்த் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியதும் ஒரு நாள் குறிப்போம். சுற்று வட்டாரத்துக்கெல்லாம் சொல்லி அனுப்புவோம். மந்தையம்மனைக் கும்பிட்டுவிட்டு ஊர்த் தலைவர், நாங்கள் அம்பலம் என்போம், கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். உடனே எல்லாரும் தண்ணீரில் குதிக்க வேண்டியதுதான். வலை, ஊத்தா, வெறுங்கை, எது இருக்கிறதோ அது. ஊத்தா தெரியுமா? அடியில்லாத கூடை. மீன் இருக்கிற இடத்தில் கவிழ்த்து அமுக்கிவிட்டு, மேல் வாய் வழியாகக் கையை விட்டு எடுக்க வேண்டும். பிடித்த மீன் அவரவருக்கு. விற்கக் கூடாது, வீட்டில் சமைத்துச் சாப்பிட வேண்டும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பன்னிரண்டு ஊரைக் கூப்பிட்டோம். அரை மணி நேரத்தில் மீன் காலி. பாதி ஜனம் சேற்றோடு வீட்டுக்குப் போனது. அந்தப் பாதியில் ஊத்துப்பட்டியும் ஒன்று. ஊத்துப்பட்டியில்தான் என் மகள் பாண்டிச்செல்வியைக் கட்டிக் கொடுத்திருக்கிறேன். இப்போது அங்கேதான் போய்க்கொண்டிருக்கிறேன்.

என் சம்பந்தியம்மா பெயர் சீனியம்மாள். பெயர் வைத்தவர்கள் யாரென்று தெரியவில்லை, தெரிந்தால் நான்கு கேள்வி கேட்பேன். அந்தத் திருவிழா முடிந்து ஒரு மாதம் கழித்து மகளைப் பார்க்கப் போயிருந்தேன். இலை போட்டு, சோறு வைத்து, "மீன்குழம்பு அண்ணே" என்று ஊற்றினார். நானும் துழாவுகிறேன், துழாவுகிறேன், புளியும் வெங்காயமும்தான் வருகிறது.

"என்னண்ணே தேடுறீங்க?"

"மீனு..."

"உங்க கண்மாய் மீன்தாண்ணே. நல்லா அடியில தேடுங்க, ஆழத்துல கிடக்கும்."

வீடே சிரித்தது சார். என் மகள் மட்டும் சிரிக்கவில்லை. அடுப்படிக்குள் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் உப்பு குறைந்தாலும் சரி, பால் திரிந்தாலும் சரி, "மீனில்லாத ஊர்க்காரிக்கு இவ்வளவுதான் தெரியும்" என்று ஒரு சொல் விழுமாம். போனில் சொல்லுவாள். கடைசியில் "ஒண்ணுமில்லப்பா" என்று முடிப்பாள். ஒன்றுமில்லாததற்கு யாராவது போன் செய்வார்களா?

போன வருஷ ஊர்க் கூட்டத்தில் அம்பலம் ராக்கப்பன் சொல்லிவிட்டார். "பன்னிரண்டு ஊரு வேண்டாம்ப்பா. பக்கத்து ஊரு நாலு போதும். கூப்பிட்டு அவமானப்படுத்துறதுக்குக் கூப்பிடாமலே இருந்துரலாம்." அந்த நான்கில் ஊத்துப்பட்டி இல்லை. கூப்பிடாவிட்டால் சீனியம்மாள் சும்மா இருப்பாரா? கூப்பிட்டு மீன் இல்லாவிட்டால் அதற்கு மேல்.

"கண்மாயில எத்தனை மீனு இருக்குன்னு தெரிஞ்சா, எத்தனை ஊருன்னு சொல்லிரலாம்ல?" என்றேன்.

"நீதானே காவலு. நீ எண்ணிச் சொல்லு," என்றார் ராக்கப்பன். எல்லாருக்கும் ஒரே சிரிப்பு.

அப்படித்தான் சார், நான் தேடிப் போய்க் கூப்பிட்டு, பிரின்சி மேடம் வந்தார். மீன்வளம் சொல்லிக்கொடுக்கும் கல்லூரியில் வேலை. தூத்துக்குடிப் பக்கம், கடற்கரைக்காரர். முப்பது வயதுதான் இருக்கும். ஸ்கூட்டியில் வந்து இறங்கி, கண்மாயைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, "எண்ணிரலாம்ண்ணே" என்றார், ஏதோ வீட்டு ஆட்டை எண்ணுகிற மாதிரி.

"எல்லா மீனையும் பிடிச்சாத்தானே மேடம் எண்ண முடியும்?"

"எல்லாத்தையும் எண்ண முடியாதுன்னா கொஞ்சத்தை எண்ணணும். அந்தக் கொஞ்சம் எத்தனையில ஒரு பங்குன்னு கண்டுபிடிக்கணும். பெரிய கேள்வியை ரெண்டு சின்னக் கேள்வியா உடைச்சுட்டா முடிஞ்சுது."

டீக்கடையில் வைத்து எங்களுக்கு விளங்கவைத்தார். கடைக்காரரிடம் வறுத்த பட்டாணி ஜாடியை வாங்கினார். இருபது பட்டாணியை எடுத்து ஒவ்வொன்றிலும் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். திரும்ப ஜாடியில் போட்டு நன்றாகக் குலுக்கினார். எனக்கு நன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. அப்போது பார்த்து ஒரு எருமை மடைப்பக்கம் இறங்கிவிட்டது. ஓடிப்போய் அதை ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தேன். அதற்குள் எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். ஜாடியில் இருநூறு இருக்கும் என்று மேடம் சொன்னாராம், எண்ணிப் பார்த்தால் இருநூற்றுப் பன்னிரண்டாம். கடைக்காரர் மட்டும் "மை வச்சதை இனி எவன் திங்கிறது?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். நானே தின்றேன். நடுவில் ஒரு ஐந்து நிமிஷம் போனால் என்ன, முக்கியமானது எனக்குப் புரிந்துவிட்டது. புள்ளி வைத்தது எண்ணிய பட்டாணி. அவ்வளவுதானே?

மறுநாள் காலையில் வேலை ஆரம்பம். நானும், வலை போடத் தெரிந்த ஐந்து பேரும். மேடம் கண்மாயை மூங்கில் நட்டு எட்டுக் கட்டமாகப் பிரித்தார். ஒவ்வொரு கட்டத்திலும் இருபத்தைந்து மீன் பிடிக்க வேண்டும். உள்ளங்கையை விடச் சிறியது கணக்கில் சேராது.

"எல்லாத்தையும் ஒரே இடத்துல பிடிச்சா சட்டுனு முடிஞ்சிரும்ல?" என்றான் இருளாண்டி. வலை வீசுவதில் கெட்டிக்காரன், மற்றதில் அவசரக்காரன்.

"ஒரு தெருவை மட்டும் பார்த்துட்டு ஊர்ல எல்லாருமே மாடி வீடுன்னு எழுதினா சரியா வருமா?"

அவன் வலையைத் தூக்கினான்.

பிடித்த மீனுக்கெல்லாம் வால் பக்கத்தில் நூல் கட்டி உயிரோடு விட வேண்டும். மேடம் நீல நைலான் நூல் கொண்டுவந்திருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். கலங்கல் தண்ணீரில் நீலம் எங்கே தெரியும்? பூசாரியிடம் சொல்லி, நூல்கண்டை மஞ்சளில் முக்கி, மந்தையம்மன் காலடியில் ஒரு ராத்திரி வைத்து எடுத்துவந்தேன். ஒரு காரியம் தொடங்கும்போது மங்கலமாக இருக்க வேண்டாமா? "கலர் எதுவானாலும் சரிண்ணே, கழண்டு போகாம இருந்தாப் போதும்," என்றார் மேடம். ஒன்றுகூடக் கழன்றிருக்காது சார். இருநூறு முடிச்சும் என் கையால் போட்டது.

ஒரு வாரம் விட்டு மறுபடி வந்தார். அதே எட்டுக் கட்டம், கட்டத்துக்கு இருபத்தைந்தாக மறுபடி இருநூறு மீன். இப்போது பிடித்ததை மேடத்திடம் கூடையில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அவர் கரையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு கூடையாகப் பார்க்கிறார். நூல் இல்லை. அடுத்த கூடை. இல்லை. எட்டாவது கூடையும் பார்த்தாயிற்று. இருநூறு மீனில் ஒன்றில்கூட மஞ்சள் நூல் இல்லை.

எப்படி இருக்கும்? எங்கள் ஊரில் மஞ்சள் நூல் கட்டிவிட்ட காளை வயலில் மேய்ந்தால்கூட யாரும் விரட்ட மாட்டோம். அம்மனுக்கு நேர்ந்துவிட்டது. வலையில் நூல் மீன் வந்தால், இருளாண்டி என்றில்லை, யாராக இருந்தாலும் கண்ணில் ஒற்றிக்கொண்டு தண்ணீரில் விடத்தான் செய்வார்கள். அது மற்றவர்கள் சங்கதி. நான் அப்படி மூடத்தனமாக விடவில்லை. என் வலையில் இரண்டு வந்தது. எண்ணிய மீனை மறுபடி எண்ணினால் அது கள்ளக்கணக்கு ஆகிவிடாதா? மேடம் ஏமாந்துவிடக் கூடாதே என்று சத்தமில்லாமல் விட்டுவிட்டேன். நாணயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

மேடம் நோட்டில் எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தார். "என்ன மேடம், எத்தனை?" என்றேன்.

"நூல் மீன் ஒண்ணே ஒண்ணு கிடைச்சிருந்தாக்கூட, இருநூறுல ஒண்ணு நூல் மீன்னு அர்த்தம். மொத்த நூல் இருநூறு. அப்போ இருநூறு தடவை இருநூறு, நாற்பதாயிரம். அந்த ஒண்ணும் கிடைக்கலைன்னா அதுக்கும் மேல. ஆனா எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. எங்கேயோ தப்பு நடந்திருக்கு. யாருக்கும் சொல்லாதீங்க, நான் போய் யோசிச்சுட்டு வர்றேன்."

நம்பிக்கை இல்லை என்றது அவருடைய அடக்கம். யாருக்கும் சொல்லாதே என்றது கண் பட்டுவிடும் என்று. எனக்கா தெரியாது? அன்று சாயங்காலமே கூட்டத்தில் எழுந்து நின்றேன். "நாற்பதாயிரத்துக்கும் மேல!" என்றேன். ராக்கப்பன் காதில் விரலை விட்டு ஆட்டிக்கொண்டு இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன். பன்னிரண்டு ஊருக்கும் அன்றைக்கே செய்தி போயிற்று. ஊத்துப்பட்டிக்கு நானே போன் போட்டேன். "அப்ப அண்டாவோட வர்றேண்ணே," என்றார் சீனியம்மாள். பின்னால் என் மகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த வீட்டில் அவள் சிரித்து எனக்குக் கேட்டு ஒரு வருஷம் இருக்கும் சார்.

திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது மேடம் வந்தார். தெருவெல்லாம் பந்தல் போட்டிருந்ததைப் பார்த்து, "எத்தனை ஊரு?" என்றார். சொன்னேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் கண்மாய்க்கு நடந்தார். "இப்பவே ஒரு வலை போடுங்க. நானும் பக்கத்துல வர்றேன்." இடுப்பளவுத் தண்ணீரில் இருளாண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். மூன்றாவது வீச்சில் மஞ்சள் நூலோடு ஒரு கட்லா வந்தது. இருளாண்டி அதைக் கண்ணில் ஒற்றினான், விட்டான்.

"என்ன பண்றீங்க?"

"நேர்ந்துவிட்ட மீனு மேடம்."

"போன தடவையும் இப்படித்தான் விட்டீங்களா?"

"பின்ன? குழம்பு வைக்கவா முடியும்?"

மேடம் என் பக்கம் திரும்பினார். நான் என் நாணயத்தைப் பற்றி விளக்கமாகச் சொன்னேன். அவர் கரையேறிச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. முதலில் அழுகிறார் என்றுதான் நினைத்தேன். நிமிர்ந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார், ஆனால் கண் ஈரமாகத்தான் இருந்தது. தான் போட்ட கணக்குத் தப்பு என்று தெரிந்தால் யாருக்கும் அப்படித்தானே இருக்கும்? நான் ஒன்றும் குத்திக்காட்டவில்லை.

பிறகு ஆறு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, "அன்னைக்கு எத்தனை நூல் மீனை விட்டீங்க?" என்று தனித்தனியாகக் கேட்டார். இருளாண்டி மூன்று. நான் இரண்டு. இன்னொருவர் இரண்டு. இரண்டு பேர் ஒவ்வொன்று. ஒருவருக்கு ஒன்றுமே வரவில்லை. ஆக ஒன்பது. கூடையில் வந்த இருநூறோடு விட்ட ஒன்பதைச் சேர்த்தால் இருநூற்று ஒன்பது. அதில் ஒன்பதில் நூல். கிட்டத்தட்ட இருபத்து மூன்று மீனுக்கு ஒரு நூல் மீன்.

"கட்டின நூல் இருநூறு. இருநூறு தடவை இருபத்து மூணு. சுமார் நாலாயிரத்து அறுநூறு மீன்," என்றார்.

"சுமாரா? சுமாருன்னா நானே சொல்லியிருப்பேனே மேடம்."

"நீங்கதான் நாற்பதாயிரம்னு சொன்னீங்களேண்ணே. சுமார்னு சரியா சொல்றதுக்குத்தான் நான் எட்டு வருஷம் படிச்சேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயமுறுத்தியது அந்த எண்தான். நாலாயிரத்து அறுநூறு மீன். பன்னிரண்டு ஊர். சீனியம்மாள் அண்டாவை விளக்கி வைத்திருப்பார்.

"கூட்டம் எவ்வளவு வரும்ண்ணே?"

"அதை யாரு எண்ண முடியும்? கடல் மாதிரி வரும்."

"கடலை விடுங்க, நான் அங்கே இருந்துதான் வர்றேன். ஒரு ஊருக்கு எத்தனை வீடு?"

"நூறும் இருக்கும், இருநூறும் இருக்கும்."

"நூற்றைம்பதுன்னு வைப்போம். வீட்டுக்கு எத்தனை பேர் வருவாங்க?"

"ஒண்ணு, ரெண்டு. சில வீட்டுல மூணு."

"ரெண்டு. பன்னிரண்டு ஊருக்கு ஆயிரத்து எண்ணூறு வீடு, மூவாயிரத்து அறுநூறு பேர். மீன் நாலாயிரத்து அறுநூறு. ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா, ஆயிரம் மிச்சம்ண்ணே!"

ஆளுக்கு ஒன்று! நான் தரையில் குச்சியால் கீறிப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. பிறகுதான் வலை ஞாபகம் வந்தது. வலையோடு இறங்குகிறவன் ஒரு வீச்சில் முப்பது நாற்பது அள்ளுவான். நூறு வலை வந்தால் மற்றவர்களுக்குச் சேறுதான். போன தடவை நடந்ததும் அதுதான். அதை நான்தான் மேடத்துக்குச் சொன்னேன். அவர் "நீங்க சொல்றது சரிண்ணே" என்றார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும் சார்.

ராக்கப்பனிடம் போனோம். முழுவதையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்ப்பா சோலைமலை, நாற்பதாயிரம்னு கணக்குப் போட்டது யாரு?"

"மேடம்தான்," என்றேன்.

மேடம் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. தப்பு அவர் பக்கம் இருந்ததால் பேச முடியவில்லை, பாவம்.

திருவிழா அன்று கரை முழுக்கத் தலை. துண்டு வீசுவதற்கு முன்னால் ராக்கப்பன் மைக்கைப் பிடித்தார். "வலையெல்லாம் கரையிலேயே இருக்கட்டும். ஊத்தாவும் கையும்தான். ஒரு மீன் கிடைச்சவுக மேல ஏறிரணும். இது அம்மனுக்கு முன்னாடி சொல்லுறது." முணுமுணுப்பு எழுந்தது. நாற்பதாயிரம் மீனை யாருக்கு ஒளித்து வைத்திருக்கிறீர்கள் என்று ஒருவர் கத்தினார். ஆனால் அம்மன் பெயரைச் சொன்ன பிறகு யாரும் வலையோடு இறங்கவில்லை.

நான் மீனைப் பார்க்கவில்லை சார், சீனியம்மாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் அண்டா. தண்ணீரில் அவர், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் ஊத்தா. கவிழ்க்கிறார், எடுக்கிறார், ஒன்றுமில்லை. சுற்றிலும் ஆளுக்கு ஒன்று கிடைத்து ஏறிக்கொண்டிருக்கிறார்கள். பாண்டிச்செல்வி கரையில் நகத்தைக் கடித்துக்கொண்டு நிற்கிறாள். பாதிக் கூட்டம் ஏறியாயிற்று. முக்கால் கூட்டம் ஏறியாயிற்று. அப்போது ஊத்தாவுக்குள் தடதடவென்று அடித்தது. கையை விட்டு எடுத்தார். முழங்கை நீளம் ஒரு கட்லா! என் உயிர் திரும்பி வந்தது.

வாலில் மஞ்சள் நூல்.

"அம்மன் மீனு! விடுங்க, விடுங்க!" என்று நாலு பக்கமும் சத்தம். நான் தண்ணீருக்குள் இறங்கி ஓடினேன். பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னேன். "சம்பந்தியம்மா, இது நேர்ந்த மீனில்ல. எண்ணுறதுக்காக நான் கட்டினது. நூலை அவுத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அம்மன் காலடியில வச்சுக் கட்டினதை அவுக்கச் சொல்லுறீகளே, நீங்க எல்லாம் ஒரு கண்மாய்க் காவலா?" மீனைக் கண்ணில் ஒற்றினார். இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்கிவிட்டார். அது வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போயிற்று. சீனியம்மாள் கரையேறி, வெறும் அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருமகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பாண்டிச்செல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மகள் போன் செய்யவில்லை. "ஒண்ணுமில்லப்பா" என்றுகூடச் சொல்லவில்லை. எட்டாம் நாள் துணிந்து கிளம்பிப் போனேன். வாசலில் நான்கைந்து பெண்கள். நடுவில் சீனியம்மாள். "இத்தனை ஆயிரம் பேரு தண்ணியில நிக்கிறாக. ஆத்தா யாரு கைக்கு வந்தா? எல்லாம் என் மருமக வந்த நேரம். அவ ஊருச் சாமில்ல!" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, வாங்க" என்று எழுந்தே நின்றுவிட்டார். கோழி அடித்திருந்தார்கள். பாண்டிச்செல்வி தலை நிறையப் பூவோடு பரிமாறினாள். "எம்மருமக கைப்பக்குவம் எப்படிண்ணே?" என்று மூன்று தடவை கேட்டார் சீனியம்மாள்.

சாப்பிட்டுக்கொண்டே நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன் சார். பழக்கமாகிவிட்டது. இருபத்து மூன்று மீனுக்கு ஒரு நூல் மீன். அன்றைக்குக் கைக்கு வந்த மீன் மூவாயிரத்து ஐநூறு இருக்கும். அப்படியானால் சுமார் நூற்றைம்பது பேர் கைக்காவது நூல் மீன் போயிருக்கும். ஊருக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேர். ஊத்துப்பட்டியிலேயே இன்னும் ஒரு டஜன் பேர் வாசலுக்கு வாசல் உட்கார்ந்து இதே கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். வரும் வழியில் டீக்கடையில் ஒருவர் இதையே சொன்னதை நான் கேட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன்.

சீனியம்மாள் என் இலைக்கு எதிரில் உட்கார்ந்தார். "நீங்க எண்ணுறவுகளாச்சேண்ணே. கணக்குப் போட்டுச் சொல்லுங்க. அத்தனை மீன்ல, அத்தனை சனத்துல, எனக்கு மட்டும் ஆத்தா வர்றதுன்னா சும்மாவா?"

எனக்கு விடை நாக்கு நுனியில் நின்றது. பாண்டிச்செல்வி கரண்டியைத் தூக்கியபடி அப்படியே நின்று என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கணக்கெல்லாம் எங்கே தெரியும் சம்பந்தியம்மா," என்றேன்.